குடைக்கு வாய் கிடையாது

மூன்றாவது தடவையும் அதே இடத்தில் குரல் கிழிந்தது. திரையில் கார்ட்டூன் குடை விரிந்து முடிந்துவிட்டது. வாளியும் டார்ச்சும் ஒற்றைச் செருப்பும் ஓடிவந்து அதன் அடியில் ஒண்டிக்கொண்டன. அவள் சொல்ல வேண்டிய வாக்கியத்தின் கடைசிச் சொல் மட்டும் வரவில்லை. காற்று வந்தது.

“கட்,” என்றான் டைரக்டர், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. “இன்னொண்ணு போலாம்க்கா. அவசரமில்ல.”

அவசரமில்லை என்று அவன் சொன்னால் அவசரம் என்று பொருள். அவள் தாளைக் கீழே வைத்துவிட்டு வெந்நீரை ஒரு மிடறு விழுங்கினாள். ஹெட்ஃபோனில் மூன்று பீப் விழும். நான்காவது விழ வேண்டிய இடத்தில் வாயைத் திறக்க வேண்டும். பத்தொன்பது வருடங்களாக அந்த விழாத பீப்பில் பேசிக்கொண்டிருக்கிறாள்.

“வாங்க, எல்லாரும் உள்ள வாங்க. நான் இருக்கேன்ல.”

‘இருக்கேன்ல’ மறுபடியும் காற்றாகப் போயிற்று.

அறை மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் தொண்டையைச் செருமினார். வாளிக்குக் குரல் கொடுப்பவர். அறுபது தாண்டியவர், அங்கே எல்லோருக்கும் வாளியண்ணன். ஸ்டூடியோவில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பேசும் சாமான்தான் பெயர்.

“டைரக்டர் சார், குடை ஒழுகுது. வாளி நான் எதுக்கு இருக்கேன், தூக்கி அடியில வைங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலும் சத்தம் இல்லை.

“சளி,” என்றாள்.

சவுண்ட் இன்ஜினியர் தவிர மற்றவர்கள் நம்பினார்கள். அவன் ஆறு மாதமாக அவள் குரல் தன் திரையில் கோடாக ஓடுவதைப் பார்த்துவருகிறான். கோட்டின் ஓரம் பிசிறடிக்கத் தொடங்கிய நாள்கூட அவனுக்குத் தெரியும். சொல்லவில்லை. கேட்பதுதான் அவன் வேலை.

“சரிக்கா, இந்த ஒரு லைனை அடுத்த வியாழக்கிழமை வெச்சுக்கலாம்,” என்றான் டைரக்டர். “அன்னிக்கே புது சீசனும் ஆரம்பம். இருபத்தாறு எபிசோடு. ஒரு வாரம் பேசவே பேசாதீங்க. வீட்ல வாயைத் திறக்காதீங்க.”

“வீட்ல நான் எங்கப்பா திறக்கறேன்,” என்றாள். அது உண்மை.

தொடரின் பெயர் ‘மாடிப்படிக் கூட்டம்’. ஒரு வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஓர் இருட்டு மூலை. அங்கே தூக்கிப்போட்ட சாமான்கள், வீட்டுக்காரர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு போனதும் உயிர்பெற்று எழுந்துகொள்ளும். வாளிக்கு எந்நேரமும் பசி. டார்ச்சுக்கு இருட்டென்றால் பயம். அலாரம் கடிகாரம் எதற்கும் நேரத்துக்கு வராது. ஒற்றைச் செருப்பு தன் ஜோடியைத் தேடிக்கொண்டே இருக்கும். பத்தொன்பது வருடங்களாகக் கிடைக்கவில்லை, கிடைத்தால் தொடர் முடிந்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் அம்மா மாதிரி ஒரு பழைய கறுப்புக் குடை. ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் ஏதோ ஒன்று அழும். குடை விரியும். அந்த வாக்கியத்தைச் சொல்லும். அதன்பிறகுதான் குழந்தைகள் டிவியை அணைக்க விடுவார்கள்.

படம் வேறு ஊரில் வரைந்து ஊமையாக வரும். பேச்சு இங்கே. மற்ற சாமான்களுக்கு வரைந்தவர்கள் வாய் வைத்திருந்தார்கள். வாளிக்கு அதன் விளிம்பு, செருப்புக்கு முன்னால் பிளந்துகொண்ட தோல். குடைக்கு எங்கே வைப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள் போல. பேசும்போது கம்பிகள் இலேசாக அசையும், அவ்வளவுதான். உதட்டைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை, உனக்கென்ன, நோகாமல் நொங்கு தின்கிறாய் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவள் மறுத்ததில்லை. முகம் இல்லாத ஒன்றை நம்பவைக்க அவளிடம் குரலைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதை யாரிடமும் விளக்கியதும் இல்லை.

அதற்கு முன்னால் ஓர் ஐந்து மாடிக் கடையில் அறிவிப்பாளராக இருந்தாள். தள்ளுபடி, கடை மூடும் நேரம், தொலைந்த குழந்தை. “சிவப்புச் சட்டை போட்ட நாலு வயசுப் பையன் தரைத்தளத்தில் இருக்கிறான், அம்மா உடனே வரவும்.” காணாமல்போன குழந்தைகள் ஒலிபெருக்கியில் அவள் குரலைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிடுவதாகக் கடையில் சொல்லிக்கொண்டார்கள். போர்வை வாங்க வந்த தொடரின் தயாரிப்பாளர் மேலே பார்த்து, இது யார் குரல் என்று கேட்டு, நான்காவது மாடியில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே அவளைக் கண்டுபிடித்தார். அவளுக்கு முப்பத்து நான்கு வயது. மகளுக்கு ஐந்து.

ஸ்டூடியோவில் முதல் வாரமே எல்லோரும் ஒன்றுபோல ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். ஐஸ் கூடாது. வெந்நீர். வீட்டில் காற்றுக் குரல். காற்றுக் குரல் என்றால் கிசுகிசுப்பு. தொண்டையைத் தொடாமல் மூச்சால் மட்டும் பேசுவது. கடிகாரத்துக்குக் குரல் கொடுத்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “குரல்ங்கறது ஒரு பானைத் தண்ணி. வீட்லயே மொண்டு குடிச்சுட்டா இங்க வந்து எதை ஊத்துவே?”

அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். நம்பினாலும், வீட்டுக்குப் போனதும் கணவனையோ பிள்ளைகளையோ நாலு வார்த்தை உரக்கத் திட்டி மீறிக்கொண்டார்கள். அவள் மீறவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற பழக்கம். பள்ளிக்கூடத்தில் இதற்காகவே பரிசு வாங்கியிருக்கிறாள்.

வாரத்தில் நான்கு நாள் பதிவு. பதிவுக்கு முந்தின நாள் காற்றுக் குரல். பதிவு முடிந்த அன்று தொண்டைக்கு ஓய்வு, அன்றும் காற்றுக் குரல். கூட்டிப் பார்த்தால் வாரம் முடிந்துவிடும்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் அறைகளில் நின்று நின்று வலது காது போய், இடது காதும் பாதிதான். அவள் கிசுகிசுப்பது அவனைப் பொறுத்தவரை செவிடன் காதில் ஊதிய சங்கு. எதற்கும் “சரி” என்று சொல்லப் பழகிக்கொண்டான். “எங்க வீட்ல சண்டையே வந்தது கிடையாது,” என்று வெளியே பெருமையாகச் சொல்வான். “எப்படி வரும்? அவ பேசறதில்ல, எனக்குக் கேக்கறதில்ல.”

மகள் உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. ஒன்றாம் வகுப்பு டீச்சர் கூப்பிட்டனுப்பி, குழந்தை யார் பேசினாலும் கண்ணைப் பார்க்காமல் வாயையே முறைக்கிறாள், மற்றப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்றாள். சாயங்காலம் ஐந்தரைக்கு டிவியில் குடை வரும். அதற்கு வாய் இல்லை. அப்போதும் திரையில் எதையோ தேடிக்கொண்டு கிட்டப் போய் உட்காருவாள். பின்னுக்கு இழுத்துவிட வேண்டும்.

ஆறு வயதில் அவளுக்கு நான்கு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் நெற்றித் துணியைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

“அம்மா, குடை மாதிரிப் பேசும்மா.”

“நாளைக்குப் பதிவு இருக்குடா கண்ணு,” என்று காற்றில் சொன்னாள் அம்மா.

“ஒரே ஒரு தடவை.”

“அஞ்சரைக்கு வரும். அப்பா போடுவாங்க.”

அப்பா போட்டான். குழந்தை டிவிக்கு அருகில் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு தூங்கியது. மறுநாள் பதிவு நன்றாக வந்தது. அந்த எபிசோடில் டார்ச்சுக்குக் காய்ச்சல்.

நூறாவது எபிசோடுக்கு ஸ்டூடியோவில் விழா. எல்லோரும் பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். யாரோ மைக்கை நீட்ட, எட்டு வயது மகள் வாங்கி, “வாங்க, எல்லாரும் உள்ள வாங்க. நான் இருக்கேன்ல” என்றாள். பாதிப் பேர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கூரை அதிரத் தட்டினார்கள். அன்றைக்கு ஒயர் சுற்றிக்கொண்டிருந்தவன்தான் இப்போது டைரக்டர். அவள் சிரித்தபடி மகள் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். திரும்பும்போது பஸ்ஸில், காதோரம் குனிந்து, “இனிமே அதைப் பண்ணாத” என்றாள்.

“ஏம்மா?”

“தொண்டை கெட்டுடும்.”

மகள் அதன்பின் அவள் முன்னால் பண்ணவில்லை. இப்போது அவளுக்கு இருபத்து நான்கு. ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியில் தொலைபேசியில் புகார் வாங்கும் வேலை. கூட வேலை செய்யும் இரண்டு பெண்களோடு தனியாக அறை எடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள். சத்தமாகப் பேசுவாள். அப்பாவுக்கு மகளிடம் மட்டும் காது கேட்கும்.

வெள்ளிக்கிழமை தொண்டை டாக்டரிடம் போனாள். சின்ன வயது டாக்டர், முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். மெல்லிய குழாயை உள்ளே விட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினாள். தன் குரல் நாண்களை அவள் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். இரண்டு வெளுத்த பட்டைகள், ஒன்றையொன்று பார்த்தபடி. நடுவில் இரண்டிலும் அரிசி அளவுக்கு ஒரு தடிப்பு. இவ்வளவுதானா என்றிருந்தது.

“சிகரெட்டு?”

“இல்ல.”

“பக்கத்துல யாராவது பிடிப்பாங்களா? தூசியில வேலையா?”

“இல்ல. ஏசி ரூம்.”

“கத்துவீங்களா? வீட்ல பசங்ககிட்ட?”

“கத்தினதே கிடையாது. வீட்ல மெதுவாத்தான் பேசுவேன்.”

“மெதுவான்னா?”

“இப்படி,” என்று காற்றுக் குரலில் சொன்னாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். “எப்பவும் இப்படியா? எத்தனை வருஷமா?”

“பத்தொன்பது வருஷம். தொழிலுக்காக. குரலைக் காப்பாத்தணும்ல.”

“யார் சொன்னது?”

“எல்லாரும் செய்வோம்.”

டாக்டர் பேனாவை மூடிவைத்தாள். பதறாமல், பாடம் எடுப்பதுபோலச் சொன்னாள். கிசுகிசுக்கும்போது தொண்டை ஓய்வெடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஓய்வு வேண்டுமென்றால் பேசாமலிருக்க வேண்டும். இழுத்துப் பிடித்துக்கொண்டு மூச்சை அழுத்தி விட்டால் சிலருக்கு அது கத்துவதைவிடக் கெடுதல். அதுவும் வருடக்கணக்கில்.

“நீங்க வீட்ல சாதாரணமா பேசியிருந்தாலே போதும்மா. இது வந்தே இருக்காதுன்னு சொல்லல. இவ்வளவு வந்திருக்காது.”

ஆபரேஷன் வேண்டும். அதன்பின் இரண்டு வாரம் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. பிறகு குரல் வரும்.

“இதே குரலா?”

“குரல் வரும்,” என்றாள் டாக்டர். “அதுவரைக்கும் கிசுகிசுக்காதீங்க. பேசணும்னா சாதாரணமா பேசுங்க, இல்லன்னா பேசாம இருங்க.”

வீட்டுக்கு வந்தாள். கணவன் பழைய லிஃப்ட் பட்டன்களைச் செய்தித்தாளில் பரப்பித் துடைத்துக்கொண்டிருந்தான். ஓய்வுபெற்று வந்தபோது கம்பெனியில் அவனுக்கு ஒரு பை நிறையக் கொடுத்திருந்தார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் குரலில் கேட்டாள்.

“சாப்பாடு வைக்கட்டுமா?”

கரகரப்பாகத்தான் வந்தது. ஆனால் வந்தது. அவன் பட்டனைத் தவறவிட்டான்.

“என்ன? என்ன ஆச்சு? ஏன் கத்தற?”

“கத்தலங்க. சாப்பாடு வைக்கவான்னு கேட்டேன்.”

“அதை மெதுவா கேட்டா என்ன? பக்கத்து வீட்ல என்ன நெனப்பாங்க?” நெஞ்சைத் தடவிக்கொண்டான். “ஏதோ ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன்.”

அவள் சாப்பாடு வைத்தாள். அதன்பின் வீட்டில் எதுவும் பேசவில்லை. அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கைகழுவிவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

“உன் டைரக்டர் போன் பண்ணினார்.”

அம்மா அடுப்பைச் சிறிதாக்கினாள். “எப்போ?” காற்றுதான் வந்தது. பழக்கம்.

“நேத்து. சின்ன வயசுல பண்ணுவியே, இன்னும் வருமான்னு கேட்டார். போன்லயே பண்ணிக் காட்டினேன்.”

“பண்ணிக் காட்டினியா.”

“ம். லைன் கட்டாயிடுச்சோன்னு நெனச்சேன். வியாழக்கிழமை வரச் சொன்னார்.”

“வேண்டாம்னு சொல்லிடு.”

“ஏன்?”

“எனக்கு ஒரு சின்ன ஆபரேஷன். ரெண்டு மாசத்துல சரியாயிடும். அதுவரைக்கும் வேற ஆள் கிடைக்கலைன்னா காத்திருப்பாங்க. குடையை விட்டுட்டு அந்தத் தொடரை எடுக்க முடியாது. நீ போனாத்தான் எனக்கு ஆபத்து. வேற யார் போனாலும் ஒண்ணும் ஆகாது.”

“என்ன ஆபரேஷன்?”

டாக்டர் கொடுத்த ஃபைல் ஃப்ரிட்ஜின் மேல் இருந்தது. மகள் அதை எடுத்து நின்றபடியே படித்தாள். புகார்களை வேகமாகப் படித்துப் பழகியவள். ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

“கிசுகிசுப்பதை உடனடியாக நிறுத்தவும்னு போட்டிருக்கு. அடியில கோடு வேற. இது என்ன?”

அம்மா சொன்னாள். டாக்டர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். மறைக்கத் தெரியாது அவளுக்கு. சொன்னதைச் சொன்னபடி சொல்வாள்.

மகள் சிரிக்கத் தொடங்கினாள். சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். நிறுத்த முயன்று, ஃபைலைப் பார்த்து, மறுபடியும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்போ பேசியிருக்கலாம்.”

“எனக்குத் தெரியாதே.”

“இல்ல, உன்னைக் குத்தம் சொல்லல. பேசியிருக்கலாம்னு சொல்றேன். அவ்வளவுதான்.”

“வியாழக்கிழமை போகாத.”

“அம்மா, நான் நாள் முழுக்கத் திட்டு வாங்கறேன். எவன் வீட்டு ஃப்ரிட்ஜோ குளிரலைன்னா என்னை வாய்க்கு வந்தபடி பேசறான். இது ஒரு வேலை. என்னால நல்லா செய்ய முடியற ஒரே வேலை. எப்படி வந்துச்சுன்னு கேட்டியா நீ? அஞ்சு வயசுலேர்ந்து குளிக்கும்போது, படுக்கும்போது, எனக்கு நானே சொல்லிக்கிட்டது. நீ சொல்லலைன்னுதான் நான் சொல்லிக்கிட்டேன்.”

“அது என் குரல்.”

இதைச் சொன்னபோது அவளிடமிருந்து காற்றுகூட வரவில்லை. உதடுதான் அசைந்தது. மகளுக்கு அது போதும்.

“உன்னுதுதான். எங்க, காட்டு பாக்கலாம்.”

கூடத்திலிருந்து அப்பா எட்டிப்பார்த்தான். “என்ன, சண்டையா?”

“இல்லப்பா,” என்று மகள் உரக்கச் சொன்னாள். “ஒத்திகை.”

வியாழக்கிழமை இருவரும் தனித்தனியாக வந்தார்கள். வாளியண்ணன் ஒருவர்தான் மகளைப் பார்த்து வாயாரச் சிரித்தார். “குட்டிக் குடை வந்துடுச்சு டோய்” என்றவர், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ஸ்டூலைச் சரிசெய்யக் குனிந்துகொண்டார்.

“அக்கா, மொதல்ல நீங்க பாருங்க,” என்றான் டைரக்டர். மரியாதைக்காகச் சொன்னது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். ஐந்து நாளாக ஏறக்குறைய வாய் திறக்காமல் இருந்தாள். மூன்று பீப் விழுந்தன.

“வாங்க, எல்லாரும் உள்ள வாங்க.”

சவுண்ட் இன்ஜினியர் தலையைத் தூக்கினான். பழைய குரல்.

“நான்...”

அங்கே நின்றது. இன்னொரு தடவை கேட்டாள். கொடுத்தான். இன்னொரு தடவை கேட்டாள். கொடுத்தான். அதற்கு மேல் அவளே ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு வெளியே வந்து, டைரக்டருக்குப் பின்னால் இருந்த சோஃபாவில் உட்கார்ந்தாள்.

மகள் உள்ளே போனாள். தாளை எடுக்கவில்லை. மைக்கின் உயரத்தை மாற்றவில்லை. இருவரும் ஒரே உயரம். மூன்று பீப்.

“வாங்க, எல்லாரும் உள்ள வாங்க. நான் இருக்கேன்ல.”

குடை விரிந்தது. செருப்பும் டார்ச்சும் வந்து ஒண்டிக்கொண்டன. யாரும் ‘கட்’ சொல்லவில்லை. வாளியண்ணன் எழுந்து நின்றிருந்தார். அந்தக் குரலில் அம்மாவின் எல்லாமே இருந்தன. ‘உள்ள’வில் விழும் சின்ன இறக்கம், ‘நான்’ என்பதற்கு முன்னால் வரும் அரை மூச்சு. நாலைந்து வருடங்களாக அவளுடைய பதிவுகளில் ஏறியிருந்த களைப்பு மட்டும் இல்லை. அந்தக் குரலில் கூப்பிட்டால் எந்த வீட்டுக் குழந்தையும் எழுந்து வந்துவிடும்.

டைரக்டர் நாற்காலியைத் திருப்பினான். கண் கலங்கியிருந்தது. “அக்கா? நீங்கதான் சொல்லணும். சரியா இருக்கா?”

“ஆரம்பம் வேகமா இருக்கு,” என்றாள்.

அவளுடைய கிசுகிசுப்பு மைக்கில் ஏறாது. டைரக்டர் பட்டனை அழுத்தி உள்ளே சொன்னான். மகள் தலையாட்டினாள். மறுபடியும் சொன்னாள்.

“‘உள்ள’வைக் கொஞ்சம் இழுக்கணும்.”

மறுபடியும்.

“இப்போ ரொம்ப இழுக்குது.”

மறுபடியும்.

“சிரிக்கற மாதிரி இருக்கு. சிரிப்பு தெரியக் கூடாது.”

“சிரிப்பே இல்லையே,” என்றான் சவுண்ட் இன்ஜினியர். அன்று அவன் பேசிய முதல் வார்த்தை. அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தன் திரைக்குத் திரும்பினான்.

ஐந்தாவது தடவையிலிருந்து டைரக்டருக்குப் பட்டன் தேவைப்படவில்லை. அவன் அழுத்துவதற்கு முன்பே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் தலையாட்டிவிட்டாள். அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. முகம் சுளிக்கவில்லை. புகார் சொல்பவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்பது அவள் வேலையில் முதல் விதி. சொன்னதைச் சொன்னபடி மாற்றினாள். எட்டாவதில் அவள் குரல் இலேசாகக் கம்மியது. தண்ணீர் குடித்துவிட்டு நின்றாள். ஒன்பது. பத்து.

அறையில் இருந்த நான்கு பேருக்கும் தெரிந்திருந்தது. அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் வாய் தன்பாட்டுக்கு அசைந்தது. “ஈரம் பத்தல.” பதினொன்று.

“குடை, போதும்மா,” என்றார் வாளியண்ணன். “பிள்ளையோட தொண்டை போயிடும்.”

“இன்னும் வரலண்ணே.”

“வந்துடுச்சு. மொதல்லயே வந்துடுச்சு. உனக்குத் தெரியாதா?”

டைரக்டர் நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டான். “ஃபர்ஸ்ட் டேக்கை வெச்சுக்கோ,” என்றான் இன்ஜினியரிடம். பிறகு பட்டனை அழுத்தி, “சூப்பர்மா. புது சீசன் முதல் சீனுக்குப் போலாம். பக்கம் மூணு” என்றான்.

அதன்பின் அவன் பின்னால் திரும்பவில்லை. இரண்டரை மணி நேரம் பதிவு நடந்தது. அவள் சோஃபாவில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போனால் கதவு சத்தம் பதிவில் விழும்.

முடிந்ததும் நடைவழியில் மகள் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். குனிந்தபடியே கேட்டாள்.

“எதுக்கும்மா பதினோரு தடவை?”

“சரியா வரணும்னுதான்.”

“வந்துச்சா?”

அம்மா கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். கொக்கி மாட்டவில்லை.

“பரவாயில்ல,” என்றாள்.

மகள் நிமிர்ந்தாள். இருவரும் வாசல்வரை நடந்தார்கள். வெளியே வெயில். இரண்டு பேருக்கும் பஸ் வெவ்வேறு பக்கம்.

“போய் வெந்நீர் குடி,” என்றாள் அம்மா. “வீட்ல பேசாத.”

சொன்னபிறகுதான் சொன்னது இருவருக்கும் உறைத்தது. மகள் அவளைச் சற்று நேரம் பார்த்தாள். வாயை அல்ல.

“பேசுவேன்,” என்றாள். ரோட்டைக் கடந்து போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மா ஆறு மணிக்கு எழுந்தாள். ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரியில் ஏழாம் எண் ஜன்னலில் வரிசையில் நின்றாள். அடுத்த புதன்கிழமை தேதி கொடுத்தார்கள். காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். கணவனின் பெயரைக் கொடுத்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். இறங்கி அரைக் கிலோ தக்காளியும் துணி சோப்பும் வாங்கினாள். கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. திறந்துபோட்ட பலகைக்கு முன்னால் கணவன் நின்றுகொண்டு, வந்திருந்த புது மெக்கானிக்குக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். அவள் படியேறிப் போனாள்.

மூன்று மணிக்கு ஸ்டூடியோ அலுவலகத்திலிருந்து போன் வந்தது. லாக்கர் சாவியையும் நுழைவு அட்டையையும் திருப்பித் தர வேண்டுமாம். புதன்கிழமைக்கு அப்புறம் தருகிறேன் என்றாள். அந்தப் பெண், “ஹலோ, ஹலோ, கேக்கல” என்று வைத்துவிட்டாள். மறுபடி போன் வந்தபோது கணவன் எடுத்து “சரி” என்றான். என்ன கேட்டார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. மகள் கூப்பிடவில்லை. நான்கு மணிக்கு அவள் துணி துவைத்தாள். மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது. உள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டாள்.